பதினொண்ணு அஞ்சுக்குப் பதில் சொல்லும் நதியா

— இருபத்தாறு நாளா இறங்காம இருக்கறதுக்கு அது எந்த ஊரு அம்மைங்க, ராமுத்தாயம்மா?

— நெசந்தேன் டேனியல் சார். மேலெல்லாம் கொப்புளம். எந்திரிச்சு உக்கார முடியல எம்மகளுக்கு.

— போன வாரம் போன்ல கேட்டப்ப, இறங்கிருச்சு, ஊருக்கு அனுப்பிச்சுட்டேன்னு சொன்னீங்க. மறுபடியும் ஏறிக்கிச்சுங்களா?

— ஏதோ ஒண்ணு சார். பள்ளிக்கூடத்துல அவ பேர மட்டும் வெட்டிப்புடாதீக. அதுக்குத்தேன் மதியத்துக்கு மேல கம்பெனில பர்மிஷன் போட்டு ஓடியாந்தேன்.

— நான் வெட்டறதுக்கு என்னங்கம்மா இருக்குது? எல்லாத்தையும் இந்தப் போன்தான் வெட்டும். காலையில வந்ததும் வருகைக்கு ஒரு ஆப். சோத்துக்கு ஒண்ணு. நோட்டு குடுத்தா ஒண்ணு, செருப்புக் குடுத்தா ஒண்ணு. செருப்புப் போட்ட காலைப் போட்டோ புடிச்சு ஏத்தணுமுங்க. பாடம் நடத்துறதுக்குன்னு நானாத் தேடிப் புடிச்சது இந்தக் கேள்வி ஆப் ஒண்ணுதான். காசில்லாதது.

— சலிச்சுக்கிறாதீக சார்.

— சலிப்பெல்லாம் இல்லீங்க. தூக்கம் வருது, அவ்வளவுதான். இங்க பாருங்க. நதியா, ஒன்பதாவது, முப்பத்தொண்ணாம் நம்பர். பள்ளிக்கூடத்துக்கு வரலை. ஆனா நான் போடற பத்துக் கேள்விக்கும் தினம் பதில் வந்துருது. எப்ப வருது தெரியுங்களா? ஒரு நாள் பதினொண்ணு அஞ்சு. மறுநாள் பதினொண்ணு ஏழு. நேத்து பதினொண்ணு நாலு. நான் திருப்பூர்லயே பொறந்து வளந்தவனுங்க. எங்கம்மா இருபது வருசம் கம்பெனியில செக்கிங்ல நின்னவங்க. அது டீ டைம்.

— ஆத்தி!

— என்ன ஆத்தி? பதினாலு வயசுப் புள்ளையை பனியன் கம்பெனிக்கு அனுப்பிச்சுப்போட்டு, டீ குடிக்கற நேரத்துல பரீட்சை எழுத வெக்கறீங்க. இதை நான் மேல எழுதினா உங்களுக்கும் வம்பு, கம்பெனிக்கும் வம்பு. எழுதாம உட்டா எனக்குச் சோறு இறங்காது.

— மாரியாத்தா சத்தியமா அவ கம்பெனி வாசப்படிய மிதிக்கல சார். என் கழுத்த நெரிச்சாலும் எம்மகள மிசினுக்கு அனுப்ப மாட்டேன். நா படுறது பத்தாதா?

— அப்ப டீ டைம்ல பதில் போடறது யாருங்க?

— பர்மிஷன் நேரம் முடியப் போகுது சார், நா கெளம்புறேன்.

— உங்களைத்தானுங்க கேக்கறேன்.

— நாந்தேன் சார்.

— நீங்களா?

— நாந்தேன். ஓவர்லாக் தையல் மிசினுக்குக் கீழ குனிஞ்சு உக்காந்து போடுவேன். அஞ்சாப்பு வரைக்கும் போனவ, எழுத்துக் கூட்டி வாசிச்சுருவேன். வெளங்காததுக்குப் பக்கத்து மிசின் சுப்புலட்சுமி இருக்கா. அவ பத்தாவது. மூணு நாளைக்கி முன்னாடி கண்ணாடிக் கேள்வி கேட்டீகல்ல, குழியாடி, குவியாடின்னு? அதுல எங்க ரெண்டு பேருக்கும் பெரிய சண்ட. கடைசில அவ சொன்னதப் போட்டேன், தப்பாப் போச்சு.

— அட கர்த்தரே! அதுக்கு மொத நாள் பத்துக்குப் பத்துன்னு நான் சபாஷ் போட்டு அனுப்பிச்சனே!

— பாத்தேன் சார். என்னைய யாரும் அப்பிடிச் சொன்னதில்ல. அன்னைக்கி டீயே குடிக்கல, பாத்துக்கிட்டே இருந்தேன்.

— ஏனுங்கம்மா, எதுக்குங்க இந்த வேலை உங்களுக்கு?

— எங்க லைன்ல ஒருத்தி லீவு போட்டா, பக்கத்துல இருக்கவளுக சேந்து அவ தைக்க வேண்டிய பீஸையும் ஓட்டிருவோம். பீஸ் நிக்காமப் போனா சூப்பர்வைசர் கண்டுக்கிற மாட்டாரு. நின்னாத்தேன் அந்த மிசின்ல வேற ஆள உக்கார வெப்பாரு. பெறகு அவ வந்தா அவளுக்கு எடம் இருக்காது. அதுமாதிரின்னு நெனச்சேன் சார். பதிலு போய்க்கிட்டே இருந்தா எம்மக எடம் இருக்கும்ல?

— இருக்காதுங்க. வருகைக்கு வேற ஆப், இது வேற ஆப். ஒண்ணுக்கொண்ணு பேச்சுவார்த்தையே கிடையாது.

— அப்ப நா போட்டதெல்லாம் வீணா?

— நான் போட்டதும் வீணுதானுங்க. ஒரு புள்ளையாச்சும் ஊட்டுல உக்காந்து ஒழுங்காப் படிக்குதேன்னு நம்பி, தினம் கேள்வி சேத்திட்டு இருந்தேன். முப்பத்தெட்டுப் பேர்ல நாள் தவறாம பதில் போட்டது நதியா ஒருத்திதான். இப்ப அதுவும் நதியா இல்லீன்னு ஆயிருச்சு... சரி, சொல்லுங்க. நதியா எங்கீங்க?

— அவுக அப்பா கூட்டிட்டுப் போயிட்டாரு.

— எங்க?

— தெரிஞ்சா இங்க வந்து ஏன் சார் நிக்கிறேன்? நா ஷிப்டுல இருக்கையில வந்து கூட்டிட்டுப் போயிருக்காரு. வீட்டுக்கு வந்து பாத்தா பள்ளிக்கூடப் பை கெடக்கு, புள்ளயக் காணோம். அதுக்கு மொத நா ராத்திரிதேன் எனக்கும் அவருக்கும் சண்ட. ஊருல கேட்டாச்சு, இங்கிட்டு வரலேங்குறாக. அவரு போனு அணஞ்சே கெடக்கு.

— ஸ்டேஷன்ல சொல்லலீங்களா?

— சொன்னேன். பெத்த அப்பன்தானம்மா கூட்டிட்டுப் போயிருக்கான், ரெண்டு நாள்ல வருவான், போன்னுட்டாக. அவுகளுக்கு அந்தச் சோணைமுத்துவத் தெரியுமா சார்? குடிச்சா அந்த மனுசன் என்ன செய்வாருன்னு எனக்குத்தேன் தெரியும். எம்மக உசுரோட இருக்காளான்னு கூடத் தெரியாம, நா மிசின் ஓட்டிக்கிட்டு இருக்கேன் சார்.

— இதை மொத நாளே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே.

— சொன்னா பேர வெட்டிருவீகன்னு பயம். இங்க அவ பேரு இருக்க வரைக்கும் அவளும் இருக்கான்னு ஒரு நெனப்பு. கிறுக்குன்னே வெச்சுக்கங்க.

— கிறுக்கெல்லாம் இல்லீங்க. அழுகாதீங்க. சாயங்காலம் நானும் உங்ககூட ஸ்டேஷனுக்கு வர்றேன். எழுதிக் குடுத்து, ரசீது வாங்காம வர்றதில்லை. ஆனா இதை நான் ஏத்தியே ஆகோணும். பள்ளிக்கூடத்தை உட்டு நின்ன புள்ளைன்னு பட்டியல்ல போட்டா, தேடறதுக்கு ஏதோ ஏற்பாடு இருக்குதுன்னு சொல்றாங்க.

— ஆளு வருவாகளா சார்?

— மொதல்ல ஒரு ஃபார்ம் வருமுங்க.

— என்னமோ செய்யுங்க. அந்தக் கேள்விலருந்தும் அவ பேர எடுத்துருங்க. இனி என்னால முடியாது.

— எடுத்துடறேன். அதுக்கு எந்தச் சிரமமும் இல்லீங்க. ஓசி ஆப்புதானே, பாஸ்வேர்டு கூடக் கிடையாது. வகுப்பு நம்பரும் பேரும் தெரிஞ்சா எந்தப் போன்ல இருந்தும்... இருங்க. இன்னைக்குக் கேள்விக்குப் பதில் போட்டுட்டீங்களா?

— இல்ல சார். உங்கள எப்பிடிப் பாக்கப் போறோமோன்னு கையி காலு ஓடல. இன்னைக்கித்தேன் போடல.

— உங்க போன் எங்கீங்க?

— இந்தா, மேசை மேலதான கெடக்கு. ஏன் சார்?

— சுப்புலட்சுமி போடுவாங்களா?

— அவகிட்ட இருக்கது பட்டன் போனு. என்ன சார் ஆச்சு?

— நதியா பேருக்கு நேரா பச்சை எரியுதுங்க. ஆறாவது கேள்விக்கு இப்பத்தான் பதில் வந்துச்சு.

— சார்!

— இந்த ஆப்புல ஒரு பேருக்கு ஒரு நாளைக்கு ஒருக்காத்தானுங்க தொறக்கும். காலையில நீங்க போட்டுட்டா, அப்புறம் அதே பேர்ல யாரு வந்தாலும் உள்ள விடாது.

— அப்ப... தெனமும் அவ வந்து வந்து பாத்துட்டுப் போயிருப்பாளா? நாந்தேன் எம்மகளுக்குக் கதவ அடச்சு வெச்சிருந்தேனா?

— ஏழுக்கும் போட்டாச்சுங்க.

— இன்னும் எத்தன கேள்வி சார் மிச்சம் இருக்கு?

— மூணு.

— தீர விட்டுறாதீக சார். உங்களுக்குப் புண்ணியமாப் போகும். எதையாச்சும் அவளக் கேட்டுக்கிட்டே இருங்க.