குட்டையில் விழுந்த விளக்கு

மாப்பிள்ளை எனக்குத் தர வேண்டியது பதினெட்டாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய். கம்ப்யூட்டருக்குள் வைக்கும் கிராபிக்ஸ் கார்டு வாங்கக் கொடுத்தது. சின்னச் சாமான்தான். அதற்குள் நான் கிடங்கில் சுமந்த மூட்டைகள் எத்தனை அடங்கியிருக்கின்றன என்று பார்த்தால் தெரியாது. நானும் சொல்லிக் காட்டியதில்லை. மகளைக் கட்டியவர்.

புதிதாக அறிவிக்கிற வீடியோ கேம்களின் ட்ரெய்லரைப் பார்த்து, கிராபிக்ஸ் எப்படி என்று தன் சேனலில் தீர்ப்புச் சொல்வதுதான் அவர் தொழில். கேம் கடைக்கு வர வருஷக்கணக்காகும். தீர்ப்பு அன்றைக்கே வந்துவிடும். ட்ரெய்லரில் ஏதாவது தெருவில் குட்டை வந்தால் படத்தை அங்கேயே நிறுத்திவிடுவார்.

"மாமா, தண்ணியில அந்த விளக்கு நெழலு விழுதே, பாத்தீங்களா?"

"விழுது மாப்ள. நம்ம வாசல்லயும் ஒரு குட்டை கெடக்கு. அதையும் ஒரு பார்வை பாத்துட்டா நல்லது."

சிரிப்பார். நல்ல மனுஷன். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு எழுத்து வந்தது ஐம்பது வயதுக்கு மேல். மகள் சொல்லிக் கொடுத்தாள். படித்துப் பழக, மாப்பிள்ளையின் வீடியோக்களுக்குக் கீழே ஜனங்கள் போடும் கமெண்டுகளைக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். படிக்க வந்தால் எழுதவும் கை துறுதுறுக்கும். வேறு பேரில் ஒன்று போட்டேன்: "கதாநாயகன் முடி துடைப்பம் மாதிரி இருக்கு." யாரோ ஒருவர், "சரியாச் சொன்னீங்க சார்" என்றார். அதுவரை என்னை யாரும் சார் என்றதில்லை. போகப் போக அந்தப் பேருக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. சாப்பிடும்போது மாப்பிள்ளையே சொல்வார், "ஒருத்தர் எழுதுறாரு மாமா. வெவரம் தெரிஞ்ச ஆளு." நான் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தி வைப்பேன்.

பிறகு, தூரத்து நகரத்துக் கம்பெனி ஒன்று அவரை வேலைக்குக் கூப்பிட்டது. இதே தீர்ப்புச் சொல்லும் வேலை, மாதச் சம்பளத்தோடு. மகள் பெட்டி கட்ட ஆரம்பித்தாள். அவளைவிட்டால் எனக்கு யாரும் இல்லை.

"நீயும் வந்துடுப்பா."

"அப்புறம் மூட்டைய யாரு தூக்குறது?"

சிரித்துவிட்டுத் துணி மடித்தாள். வாழப்போகிற பிள்ளைகளைப் போகாதே என்று எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. எழுதினேன்.

அந்த வாரம் அவர் ஒரு கேமை வாயாரப் புகழ்ந்திருந்தார். கீழே போட்டேன்: "இவர் காசு வாங்கியிருக்கிறார். கொடுத்த ஆளை எனக்கு நன்றாகத் தெரியும்." மரியாதையுள்ள பேர் அல்லவா, ஜனங்கள் நம்பினார்கள். துணைக்கு இன்னும் சில பேர்களை உண்டாக்கி, அவர்களையும் ஆமாம் போட வைத்தேன். அதைப் பார்த்துவிட்டு, வேலை இல்லை என்று கம்பெனி எழுதிவிட்டது.

"நான் யாருகிட்ட மாமா காசு வாங்கினேன்? உங்ககிட்ட மட்டுந்தானே வாங்கினேன்?" என்று மாப்பிள்ளை அழுதார்.

பாருங்கள், நான் எழுதியதில் பொய்யே இல்லை.

மகள் துணிகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கினாள். முன்பெல்லாம், படித்ததை வாசித்துக் காட்டச் சொல்வாள். இப்போது கேட்பதில்லை. வேலை அலுப்பாக இருக்கும்.

சேனலை மூடிவிட்டு மாப்பிள்ளை என்னோடு கிடங்குக்கு வருகிறார். விடிவதற்குள் கிளம்புகிறோம். வாசல் குட்டையில் தெருவிளக்கு விழுந்து கிடக்கிறது. தாண்டிப் போகிறார், குனிந்து பார்ப்பதில்லை. தோள் இன்னும் பழகவில்லை. அவருக்கு இலேசான மூட்டையாகப் பார்த்து ஏற்றிவிடுகிறேன்.

முதல் கூலியை அப்படியே என்னிடம் நீட்டினார். "கடனுக்கு மாமா."

அவர் விரல்களை மடக்கி மூடினேன். "முழுசும் தள்ளியாச்சு மாப்ள. சொந்தத்துக்குள்ள என்ன கணக்கு?"

அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். எவ்வளவு பெரிய தொகை, மனதாரத் தள்ளிவிட்டேன். இனி எங்களுக்குள் யாரும் யாருக்கும் பாக்கியில்லை.