பாலத்துக்கு இந்தப் பக்கம்

– இந்தா உன் பை. நான் இங்கயே நின்னுக்கிறேன் கந்தா. நீ பாலத்தத் தாண்டிப் போயி பஸ் ஏறு.

– ஏங்க்கா, அம்பது வருசம் கழிச்சு வந்திருக்கேன். பதுளை ஸ்டேசன் வரைக்கும் வந்தா என்ன? கோச்சி கெளம்புற வரைக்கும் பேசிக்கிட்டு இருக்கலாம்ல?

– அடக் கெரகமே! இந்தியாவுக்குப் போயி எல்லாத்தையும் மறந்துட்டியா? வழியனுப்ப வர்றவுக பாலத்தத் தாண்டக் கூடாது. தாண்டுனா போனவுக திரும்ப மாட்டாக.

– தெனமும் இதத் தாண்டித்தானே கடைக்குப் போற? போன மாசம்கூட பதுளைக்குப் போட்டோ புடிக்கப் போனியாம், உன் பேத்தி நிரோஜா சொன்னா.

– அவ வாயில மொளகாச் சம்பல அப்ப. கடைக்குப் போறது வேற, வழியனுப்புறது வேற.

– அது சரி, எதுக்கு போட்டோ?

– செத்தா செவுத்துல மாட்டத்தான். பேச்ச மாத்தாத.

– சரி, பஸ்ஸு வர்ற வரைக்கும் ஒக்காருக்கா. இந்தக் கல்லுச் செவரு மேல வச்சுத்தானே எனக்கு ரொட்டி ஊட்டுவ?

– நல்லா ஊட்டுனேன்! பாதிய ஆத்து மீனுக்குப் பிச்சுப் போட்டுட்டு, இன்னும் வேணும்னு அழுவ. ஒரு வாட்டி உன் சட்டையே ஆத்தோட போயிருச்சு. அடி வாங்குனது நானு.

– மூணு வளைவும் அப்பிடியே இருக்கு பாத்துக்க. ஒரு கல்லு அசையல.

– அசையாம இருந்து என்ன? அடுத்த மழைக்கு முந்தி இடிக்கப் போறாங்களாம். அந்தா, கொங்கிரீட்டுப் பாலத்துக்குக் கம்பி கட்டிட்டாங்க. நம்ம தாத்தா தலையில சொமந்த கல்லுடா இது. நெனச்சா வயிறு எரியுது.

– பாலம் வர்றதுக்கு முன்ன கயித்தப் புடிச்சுக்கிட்டுத்தான் ஆத்தத் தாண்டுவாங்களாம். அங்க கோத்தகிரில இருக்கப்ப அப்பா சொல்லுவாரு. வழியனுப்பப் போன ஆளுக பாதிப் பேரு அப்பிடியே கூட ஓடிருவாங்களாம். மறுநாள் காலம்பற பெரட்டுல பேரு கூப்புட்டா வேலைக்கு ஆளே இருக்காதாம். அதுக்குத்தான் கங்காணி இந்தக் கதையக் கட்டிவிட்டாராம் பாத்துக்க. தொரை பாலம் கட்டுனதும் அவருக்கு வசதியாப் போச்சு, ‘இதோட நில்லு’ன்னு சொல்ல.

– கங்காணி சொன்னாரோ, காளியாத்தா சொன்னாளோ. எனக்கு நடந்திருச்சே!

– என்ன நடந்துச்சு?

– தெரியாத மாதிரி கேக்காத. எம் புருசனுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை, உங்களுக்கு இந்தியான்னு எழுதி, ஒரே லயத்துல செவரு ஒட்டி இருந்த நம்மளப் பிரிச்சாங்க. நீங்க போன அன்னைக்குத் தோட்டமே வந்து இந்த எடத்தோட நின்னுருச்சு. லொறி பாலத்துல ஏறுனதும் எனக்குத்தான் புத்தி கெட்டுப் போச்சு. தாண்டி ஓடிட்டேன், அந்தத் திருப்பம் வரைக்கும்.

– ஞாபகம் இருக்குக்கா. நான் லொறியில பின்னாடிதானே இருந்தேன்.

– மாமியா அன்னைக்கே சொல்லுச்சு, ‘தாண்டிட்டியேடி, இனி ஒங்காத்தா வரமாட்டா’ன்னு. வந்துச்சா? அப்பாவும் அங்கயே போனாரு, அம்மாவும் அங்கயே போச்சு. மொகத்தக்கூட நான் பாக்கல. எல்லாம் இந்தக் காலு செஞ்ச வேல.

– அக்கா, அழாதக்கா. கப்பல நிறுத்திட்டாங்க, நாட்டுல சண்ட, எப்பிடி வருவாங்க? காலு என்ன செஞ்சுச்சு?

– நீ ஆயிரம் சொல்லு. நீ வந்த நாள்ல இருந்து ஒண்ணு கேக்கணும்னு இருக்கேன், பயந்துக்கிட்டே கேக்கல. நான் தாண்டுனதப் பத்தி அம்மா ஏதாச்சும் சொல்லுச்சா? மறைக்காத.

– சொல்லும். சாவுற வரைக்கும் சொல்லும்.

– திட்டுச்சா?

– கோச்சியில ஏறுனதும் பொட்டி முழுக்க ஒப்பாரிக்கா. அம்மா மட்டும் அழுகல. ‘எல்லார் வீட்டுப் புள்ளையும் பாலத்தோட நின்னுருச்சு, எம் மூத்தவ, எம் பெரியாயி மட்டும்தான் தாண்டி வந்தா’ன்னுச்சு. கோத்தகிரில புதுசா யாரு வீட்டுக்கு வந்தாலும் இதத்தான் மொதல்ல சொல்லும். கடைசி நாளு கண்ணு தெறக்க முடியல. அப்பவும் எங் கையப் புடிச்சுக்கிட்டு, ‘அவ ஓடி வாரா பாரு, லொறிய நிப்பாட்டச் சொல்லு’ன்னுச்சு.

– அம்மா அப்பிடியா சொல்லுச்சு?

– ஆமாக்கா. உன் மேல சத்தியமா.

– எம் பெரியாயி மட்டும்னா?

– அப்பிடித்தான். அக்கா, பஸ்ஸு சத்தம் கேக்குது. நான் கெளம்பவா?

– அந்தப் பைய இங்க குடு.

– எதுக்கு? அக்கா, எங்க போற? நில்லுக்கா! பாதிப் பாலம் போயிட்ட!

– தெரியுது. ஸ்டேசனுக்குத்தான் போறேன். வெரசா வாடா, பஸ்ஸு நிக்காது.

– அப்ப நான் திரும்பி வர வேணாமா?

– நீ வராட்டிப் போ, நான் வாரேன். அந்தப் போட்டோ பாஸ்போட்டுக்குத்தான்டா புடிச்சேன்.