ஒன்பது இல்ல, பதினாலு

ஒன்பது இல்ல மேனேஜரம்மா, பதினாலு. இந்தக் காகிதத்துல நான் வண்டியை மறிச்சு நிறுத்தினது ஒன்பது தடவைன்னு போட்டிருக்கு. கையெழுத்துப் போட எனக்கு ஒரு தடையும் இல்ல. ஆனா தப்பான நம்பருக்குக் கீழ என் பேர் வரக் கூடாது. முப்பத்தோரு வருஷம் இந்தத் தேஜான் ஊருக்குள்ள டவுன் பஸ் ஓட்டியிருக்கேன், டிரிப் ஷீட்ல ஒரு அடித்தல் திருத்தல் இருந்ததில்ல. பேனாவைக் குடுங்க, நானே திருத்தறேன். பதினாலு. ம், இப்ப சரி.

என்ன சிரிக்கிறீங்க? இதுல எட்டாவது மாடி யோம் சார் ஜன்னல்லேர்ந்து பாத்து எழுதிக் குடுத்த கணக்குதானே இருக்கு. அவர் சனிக்கிழமையானா மலையேறப் போயிடுவார். விட்டுப்போன அஞ்சும் சனிக்கிழமை.

உக்காந்துக்கட்டுமா? முட்டி வலி. எல்லாம் அந்தப் புது வண்டியால வந்தது. பஸ்ஸுல டிரைவர் சீட்டுக்கு ஏறிப் போகணும். இதுல, குளியல் கூடத்து வெந்நீர்த் தொட்டிக்குள்ள இறங்கற மாதிரி இறங்கணும். இறங்கிடலாம், வெளில வர்றதுதான் கஷ்டம். ஒரு கையால கதவு, ஒரு கையால மேல் விளிம்பு, ஒண்ணு ரெண்டு மூணு சொல்லி எழுந்திரிக்கணும்.

படிச்சேங்க, ரெண்டு தடவை படிச்சேன். இன்னொரு தடவை மறிச்சு நிறுத்தினா கேட்ல என் வண்டிக்குக் கம்பி தூக்காது. அப்புறம் நான் ஆத்தோரம் இருக்கற பொது இடத்துலதான் நிறுத்தணும். இங்கேர்ந்து நடந்தா இருபத்திமூணு நிமிஷம், என் முட்டிக்கு. நடந்து பாத்துட்டுத்தான் சொல்றேன்.

ஆனா நீங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும். நீங்க வந்து மூணு மாசம்தான் ஆகுது. முன்னாடி இருந்த இடத்துல பூமிக்கடியில நாலு தட்டு பார்க்கிங் இருந்திருக்கும். இது முப்பத்தாறு வருஷத்துக் கட்டடம். கோடு போட்ட இடம் நூத்தி முப்பத்தொண்ணு, வண்டி இருநூத்தி பதினாலு. மீதி எண்பத்திமூணு வண்டி எங்க போகும்? நிக்கற வண்டிக்குக் குறுக்கதான் நிக்கும். அதுல தப்பே இல்ல. கியரை நியூட்ரல்ல போட்டு, கை பிரேக்கை விட்டுட்டு, கண்ணாடிக்கு உள்பக்கம் போன் நம்பரை வெச்சிட்டுப் போயிடணும். உள்ள மாட்டினவர் காலைல வந்து குறுக்க இருக்கறதைத் தள்ளி விட்டுட்டு தன் வண்டியை எடுத்துக்குவார். எண்பது வயசுக் கிழவி கூட தள்ளிடும். தள்ள வராத வண்டிக்குத்தான் போன் நம்பர்.

ஆமா. என் வண்டி தள்ள வரல. அதான் புகாரே. தெரியுது.

அது பட்டன் கியருங்க. பஸ்ஸுல என் முழங்கை நீளத்துக்கு ஒரு கம்பி இருந்துச்சு, போட்டா கை வரைக்கும் தெரியும். இதுல நாலு பட்டன், ஏதோ லிப்ட் மாதிரி. இன்ஜினை நிறுத்தினா அதுவா பார்க்கிங் கியருக்குப் போயி சக்கரத்தைப் பூட்டிக்கும். நியூட்ரல்ல விடணும்னா பிரேக்கை மிதிச்சு, நியூட்ரல் பட்டனை அமுக்கி, இன்ஜினை நிறுத்தணும். அப்ப முன்னாடி எழுத்து வரும், இப்படியே இருக்கட்டுமான்னு. ஸ்டியரிங்ல ஓகே இருக்கு, அதை அமுக்கணும். மூணே வினாடிக்குள்ள. புத்தகத்துல இருநூத்தி பன்னெண்டாம் பக்கம்.

பக்க நம்பர் வரைக்கும் தெரியுதேன்னு கேக்கறீங்க. வர்றேன், வர்றேன்.

அந்த வண்டியை எதுக்கு வாங்கினேன்னு முதல்ல கேளுங்க. முப்பத்தோரு வருஷத்துல நான் எண்பதைத் தாண்டினதே இல்ல. பின்னாடி உக்காந்து, டிரைவர் தூங்கறாரா பாருங்கன்னு சொல்லாத ஆள் கிடையாது. ரிட்டயர் ஆகி, சம்சாரமும் போனதுக்கப்புறம் ஒரு நாள் கடைக்குப் போனேன். ரெண்டு லிட்டர் டர்போ, சிவப்பு. நம்ம இருநூத்தி பதினாலுல வெள்ளை, கறுப்பு, சாம்பல் தவிர வேற நிறம் ஏழுதான், அதுல சிவப்பு ஒண்ணுதான். விக்கற பையன், தாத்தா இது குடும்ப வண்டியும்தான், பந்தய வண்டியும்தான்னான். பின் சீட்ல மூணு பேர் காலை நீட்டிக்கலாமாம். எனக்குக் குடும்பம்னா நான் ஒருத்தன். பின் சீட்டு மேல வந்த பிளாஸ்டிக்கை இன்னும் பிரிக்கல.

வேகமா? எங்கங்க. ஊருக்குள்ள அம்பதுதான் விடறாங்க. ஸ்போர்ட்னு ஒரு பட்டன் இருக்கு, அமுக்கினா வண்டி உறுமும். அந்த உறுமல்ல பாதி உள்ள இருக்கற ஸ்பீக்கர்லேர்ந்து வருதாம். அது தெரிஞ்ச அன்னைக்கு எனக்கு மனசே ஆறல. அப்புறம் யோசிச்சேன், நான் மட்டும் என்ன, எழுபத்திரெண்டு வயசுல பந்தயத்துக்கா போறேன்? ரெண்டு பேருக்கும் சரியாப் போச்சு.

மகள் வந்து, விபத்து வரக் கூடாதுன்னு நாலு சக்கரத்துக்கும் அரிசிக் கள்ளு ஊத்தினா. டிக்கில காவலுக்குன்னு ஒரு காஞ்ச மீனை நூல் சுத்திக் கட்டி வெச்சா. அது பாட்டுக்குக் கிடந்துச்சு.

சரி, சொல்லிடறேன். முதல் தடவை நிஜமாவே தெரியாதுங்க. வண்டி வந்து நாலாவது நாள். நிறுத்தினேன், மேல போனேன். காலைல ஏழு பத்துக்கு போன். ஒரு பொம்பளை குரல். எடுத்த எடுப்புலயே, வண்டியை நட்டு வெச்சிருக்கீங்களா, வேர் விட்டிருக்கான்னு கேக்கறாங்க. செருப்பை மாத்திப் போட்டுக்கிட்டு ஓடினேன். முன்னூத்திரெண்டாம் வீட்டம்மா. மார்க்கெட்ல சோத்துக்குத் தொட்டுக்க விக்கற கடை வெச்சிருக்காங்களே, பான் சுன்னேன்னு பேரு, அவங்கதான். முதுகைக் குடுத்து என் வண்டியைத் தள்ளிக்கிட்டு நிக்கறாங்க, முகம் எல்லாம் என் வண்டி நிறம். பஸ் டிரைவராமே, பஸ்ஸை ஓட்டினீங்களா இல்ல பஸ்ல தூங்கினீங்களான்னாங்க.

எனக்குப் பேச்சு வராதுங்க, இப்ப பேசறதைப் பாத்து நினைச்சுக்காதீங்க. தலையைக் குனிஞ்சு மன்னிப்புக் கேட்டேன், நாலு தடவை. வண்டியை எடுத்தேன். அவங்க போயிட்டாங்க. நான் அங்கயே நின்னேன்.

ஏன்னா, அந்த நம்பர் அட்டை இருக்கே, கண்ணாடிக்கு உள்பக்கம் வெக்கற அட்டை. பழைய வண்டிலேர்ந்து ஒன்பது வருஷமா அதே அட்டைதான். ஒரு தடவை கூட யாரும் அந்த நம்பரைக் கூப்பிட்டதில்ல. நான்தான் எல்லாத்தையும் ஒழுங்கா செய்யற ஆளாச்சே, நியூட்ரல்ல விட்டு, சக்கரத்தை நேரா வெச்சு. யாருக்கும் என்னால தொந்தரவு கிடையாது. அதனால யாருக்கும் என்னைக் கூப்பிட வேலையும் கிடையாது. எனக்கு போன்ல வர்றது மூணு பேர். ஞாயித்துக்கிழமை மகள். மூணு மாசத்துக்கு ஒரு தடவை கண்ணாஸ்பத்திரி. அப்புறம் இன்சூரன்ஸ் விக்கற பொண்ணு, அவளும் என் வயசைக் கேட்டதும் வெச்சிடறா.

அன்னைக்கு சாயங்காலம்தான் புத்தகத்தை எடுத்து இருநூத்தி பன்னெண்டாம் பக்கத்தைப் படிச்சேன். நல்லாப் புரிஞ்சுது. ஒரு தரம் செஞ்சும் பாத்தேன். எட்டு நாள் ஒழுங்கா நியூட்ரல்ல விட்டேன். ஒன்பதாவது நாள்...

ஆமாங்க. வேணும்னுதான். மீதி பதிமூணும் வேணும்னுதான். இதையும் எழுதிக்கணும்னா எழுதிக்கோங்க.

அய்யய்யோ, எல்லார் வண்டிக்கும் குறுக்க இல்லைங்க! யோம் சார் புகார்லயே பாருங்க, வேற யார் வண்டியாவது இருக்கா? ஒரே வெள்ளைச் சின்ன வண்டி. அது எங்க நிக்குதுன்னு பாத்து, அதுக்குக் குறுக்க இடம் இருந்தாத்தான். மார்க்கெட் லீவு நாள்ல செய்யறதில்ல. ஒரு தடவை லீவை மறந்துட்டேன், விடிஞ்சதுலேர்ந்து சட்டை போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன், போனே வரல. அது நஷ்டம். ஆக பதினாலுல பதிமூணு தடவை போன் வந்துச்சு.

தப்புதாங்க. அவங்களுக்குக் கடை திறக்க லேட் ஆகக் கூடாதேன்னு அஞ்சு நிமிஷத்துக்குள்ள இறங்கிடுவேன். நாலாவது தடவைலேர்ந்து ரெண்டு நிமிஷம்தான். ஷூவைக் கதவுகிட்டயே தயாரா வெச்சிருந்தேன். ஆறாவது தடவை அவங்க திட்டிட்டு, கைல ஒரு டப்பா குடுத்தாங்க, மிளகாய் போட்ட கத்திரிக்காய். எட்டாவது தடவை, டிக்கில என்ன நாத்தம்னாங்க. மகள் கட்டின காவல் மீனுன்னேன். உங்க வண்டியை நான் வாரா வாரம் திட்றேனே, அதை விடவா காவல், குடுங்க இப்படின்னு வாங்கிட்டுப் போயி சூப் வெச்சு அனுப்பினாங்க. ஒண்ணும் கெட்டது நடக்கல. சூப் நல்லா இருந்துச்சு.

பதினோராவது தடவை மழை, அவங்க வண்டி ஸ்டார்ட் ஆகல. நான் கொண்டுபோய் விடறேன்னேன். எப்படித்தான் வாயில வந்துச்சோ தெரியல. முன் சீட்ல உக்காந்தவங்க சும்மா இருக்காம, இது என்ன பட்டன்னு அமுக்கிட்டாங்க. ஸ்போர்ட். வண்டி உறுமிச்சு. ஒரு கத்து கத்திட்டு, அப்புறம் சிரிச்சாங்க பாருங்க, மார்க்கெட் வர்ற வரைக்கும் நிறுத்தல. டிரைவரே, இன்னொரு தடவை அமுக்கட்டாங்கறாங்க. நாலு தடவை அமுக்கினாங்க. பாதி சத்தம் ஸ்பீக்கர்லேர்ந்து வருதுன்னு நான் சொல்லல. அது ஒண்ணுதான் நான் அவங்ககிட்ட மறைச்சது.

சரிங்க, வேணும்னு நிறுத்தினதையும் சேத்தா ரெண்டு.

அப்புறம் நீங்க நோட்டீஸ் ஒட்டினீங்க. இன்னையோட இருபத்திரெண்டு நாள். அன்னைக்கே அந்த வேலையை விட்டுட்டேன். நாப்பத்தியேழாம் கட்டம், ரெண்டு கோட்டுக்கும் நடுவுல, அளந்து வெச்ச மாதிரி. யாருக்கும் குறுக்க இல்ல. போய்ப் பாருங்க. போனும் வரல. மகள் நாலு தடவை, ஆஸ்பத்திரி ஒரு தடவை. அவ்வளவுதான். மாடிப்படில ஒரு நாள் அவங்களைப் பாத்தேன். உங்க வண்டிக்கு புத்தி வந்துடுச்சு போலருக்கேன்னாங்க. ஆமாங்கன்னேன். ரெண்டு படி இறங்கினவங்க திரும்பி, கத்திரிக்காய் டப்பாவைத் திருப்பிக் குடுக்கலையேன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அன்னைக்கே கழுவிக் குடுத்துட்டேங்க, ஆறாவது தடவையே. அவங்களுக்கும் அது தெரியும்.

இந்தாங்க, கையெழுத்துப் போட்டாச்சு. தோ கில்சு, நூத்தி மூணாம் பிளாக், ஐநூத்தி ஒண்ணு. தேதியும் போட்டுட்டேன். இனிமே என் வண்டி யாரையும் மறிக்காது.

ஆனா ஒரே ஒரு வேண்டுகோள். இன்னைக்கு நீங்க சுத்திப் பாக்கப் போகும்போது நாப்பத்தியேழாம் கட்டத்துப் பக்கம் மட்டும் போக வேண்டாம். போனாலும் நோட்டீஸ் ஒட்டிட வேண்டாம்.

என் வண்டிக்கு இல்லைங்க. என் வண்டிக்குக் குறுக்க ஒரு வெள்ளைச் சின்ன வண்டி நிக்குது. காலைல ஏழு மணிக்குப் பாத்தேன். தள்ளினேன், அசையல. உள்ள எட்டிப் பாத்தா, கியர் பார்க்கிங்ல இருக்கு. அது பழைய வண்டி, கை பிரேக் கம்பியும் கடைசி வரைக்கும் இழுத்து விட்டிருக்கு. பதினோரு வருஷமா இந்தக் கட்டடத்துல இருக்காங்க, ஒரு தடவை கூட அப்படி விட்டவங்க இல்ல. அது தானா பூட்டிக்கற வண்டியும் இல்ல. கண்ணாடிக்கு உள்பக்கம் நம்பர் அட்டை புதுசு, எழுத்து இவ்வளவு பெருசு.

இன்னும் அங்கதான் நிக்குது. ஏழு பத்துக்குக் கிளம்பற வண்டி, மணி இப்ப ஒன்பது நாப்பது.

இல்லைங்க, கூப்பிடல. கூச்சமா இருந்துச்சு. மேல போய் சட்டை மாத்தினேன். அப்புறம் இந்தச் சட்டை. அதுக்குள்ள நீங்க வரச் சொன்னீங்க. பதிமூணு தடவையும் அவங்கதான் கூப்பிட்டிருக்காங்க, நான் ஒரு தடவை கூட கூப்பிட்டதில்ல பாருங்க.

நோட்டு எதுக்கு எடுக்கறீங்க? என் பேர்ல பதினஞ்சுன்னு எழுதிடாதீங்க. இது அவங்க பேர்ல ஒண்ணு.

ஒரு நிமிஷம் இருங்க, இப்பவே போனைப் போட்டுடறேன். வெளில போனா தைரியம் போயிடும்.

ஹலோ... முன்னூத்திரெண்டாம் வீடுங்களா? உங்க வண்டி என் வண்டிக்குக் குறுக்க நிக்குதுங்க... ஆமாங்க, லேட்தான். ரெண்டு மணி நாப்பது நிமிஷம்... தெரியும், பாத்தேன்... இல்லைங்க, எனக்கு ஒரு அவசரமும் இல்ல. நீங்க மெதுவா இறங்கி வாங்க.