ஒரே ஜீப்பில் கோர்ட்டுக்கு

சாந்தன்பாறை பஸ்ஸில், மகளுக்கு வாந்தி வந்துவிடுமோ என்று பையை விரித்துப் பிடித்திருந்தேன். முன்சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள்:

"நாளைக்கு கோர்ட்டுக்குத் தம்பி ஜீப்புலதான்க்கா போறேன்."

"அடியே, அவன் மேலதான கேஸே!"

"வேலித் தகராறுக்கு சிவில் கேஸ் போட்டா வருசக்கணக்கா இழுக்கும்னாக. வேலிக் கம்பி என் கையில கீறுனதை, அவன் கத்தியால வெட்டுனான்னு ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டேன்."

"அதான் ராசியாயிட்டீகள்ல, வாபஸ் வாங்கிரு."

"சிவில்னா நான் போட்ட கேஸு, நானே எடுத்துக்கலாமாம். இது கிரிமினலு, சர்க்கார் நடத்துறது. நான் வெறும் சாட்சியாம். உண்மையச் சொன்னா, பொய்யா எழுதிக் குடுத்தேன்னு என்னைய உள்ள வைப்பாக. சொல்லாட்டி அவன் போவான்."

"அவன் என்னடி சொல்றான்?"

"'உனக்குப் பச்சப்பிள்ள இருக்கு, எழுதுனபடியே சொல்லுக்கா'ங்குறான்."