மூத்தவள் விதைக்காத மேடு

"ஹலோ?... ஹலோ! டோர்சிலாதானே?... நான்தான், அபிகா. காலங்காத்தால வேற யாரு உனக்கு அடிக்கப் போறா?... நல்லா இருக்கேனா? கேப்ப, கேப்ப. முதல்ல நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. அந்தக் கோட்டை ஏன் வெளிய தூக்கிப் போட்ட?"

அபிகா வரப்பில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் மண்வெட்டி, மறு கையில் போன், முதுகில் துணியால் கட்டிய கடைக்குட்டி. மழை இறங்கிப் பத்து நாளாகிவிட்டது. மேட்டிலுள்ள எல்லா வீட்டுக்காரர்களும் சோளம் விதைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள். போன வருஷம் விதைப்பு முடிந்த கையோடு செத்துப்போன ஒபுயாவின் நிலம் மட்டும் சும்மா கிடந்தது.

"தெரியாதுன்னு சொல்லாத! ஊரே நின்னு பாத்துச்சு. ஒடெராவோட கோட்டு உன் வேலியில கையை விரிச்சுக்கிட்டு தொங்குது, கொல்லை பொம்மை மாதிரி. மழையில நனைஞ்சு சொட்டச் சொட்ட. பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க அதுக்கு வணக்கம் சொல்லிட்டுப் போகுதுங்க... என்னது?... மடிச்சுதான் வச்சியா? ஆகா! என்ன மரியாதை! மடிச்சு வச்சாளாம்!"

ஒபுயாவுக்கு இரண்டு பெண்டாட்டிகள். மூத்தவள் டோர்சிலா, இளையவள் அபிகா. மூத்தவள் கையால் முதல் விதை விழாமல் இளையவள் மண்ணைத் தொடக்கூடாது. புருஷனை இழந்த மூத்தவளோ, செத்தவனின் பங்காளி ஒருத்தன் வந்து வீட்டில் தங்கி அவளை ஏற்றுக்கொள்ளாமல் விதையைத் தொடக்கூடாது. மீறினால் சிரா பிடிக்கும்; பிள்ளைகள் காரணம் தெரியாமல் மெலிந்து மெலிந்து சாகும். பங்காளி ஒடெரா தயாராகத்தான் இருந்தான். டோர்சிலாதான் கிறிஸ்துவைத் தவிர வேறு தலைவன் தனக்கு இல்லை என்று பத்து மாதமாகக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

"இரு, இரு, நான் பேசி முடிச்சுக்கறேன். பெரியவங்க உனக்காக எவ்வளவு தூரம் இறங்கி வந்தாங்க? நாலு ராத்திரி தங்கட்டும்னாங்க. மாட்டேன்ன. சரிம்மா, ஒரே ராத்திரின்னாங்க. மாட்டேன்ன. சரி, ஆளே வேண்டாம், அவன் கோட்டு மட்டும் ஒரு ராத்திரி உன் சுவத்துல தொங்கட்டும், அவனே வந்து தங்கினதா நாங்க வச்சுக்கறோம்னாங்க. எந்த ஊர்ல நடக்கும் இது? ஒரு கோட்டுடி! கோட்டு உன்னைக் கடிக்குமா? ராத்திரி இறங்கி வந்து உன் பாயில படுக்குமா?... ம்... ம்... என்ன பொய்?... யாருக்குப் பொய்?... அட, ஊரே கூடி உக்காந்து சம்மதிச்ச பொய்! அதைச் சொல்ல உன் வாய் மட்டும் வெந்து போகுதா?"

"...ஆமா."

"...ஆமா, ஆமா, தெரியும். தினமும் உன்னை நீயே வெறுக்கணும். தினமும் சிலுவை. பாடமா ஆயிடுச்சு எனக்கு, நீ சுவத்துக்கு அந்தப் பக்கம் ஜெபம் பண்றது எல்லாம் இந்தப் பக்கம் கேக்கும்ல. நான் எப்பவாவது குறுக்க வந்தேனா, சொல்லு? நல்லா வியாபாரம் ஓடிட்டிருந்த பீர்ப் பானையைக் கவுத்த. சரின்னேன். புதன்கிழமை பட்டினி கிடந்த. சரின்னேன். போட்டிருந்த செருப்பை எவளுக்கோ கழட்டிக் குடுத்துட்டு வெறுங்காலோட சந்தையிலிருந்து வந்த, சிரிப்பு வேற. ஒபுயா நாள் முழுக்கத் திட்டினான், அப்பவும் நான் வாயைத் திறக்கல. உன் வயிறு, உன் காலு. என்னவோ பண்ணு. ஆனா இது என் சோளம்!"

குரல் உயர்ந்ததும் முதுகில் இருந்த குழந்தை முனகியது. அபிகா இடுப்பை ஆட்டி அதைத் தூங்க வைத்தாள். ஆட்டினாளே தவிரக் குரலை இறக்கவில்லை. ஆத்திரத்தில் அவளுக்குக் கண் தெரியாது என்று ஒபுயாவே சொல்லுவான்.

"...நான் ஒண்ணும் கத்தல. கத்தினா உனக்கு போனே தேவைப்படாது... கேளு. உங்க சபையில உன்னை மெச்சிக்கறாங்க, டோர்சிலா பெரிய பாரம் சுமக்கறான்னு. நான் சொல்லட்டுமா? நீ ஒரு முனையைத்தான் பிடிச்சிருக்க. மறுமுனை என் தோள்ல இருக்கு. நீ ஒருத்தனை வேண்டாங்கற, பட்டினி என் மூணு பிள்ளைக்கு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இதுக்கு உங்க போதகர் என்ன சொல்றார்?... அவரைப் பேசக்கூடாதா? ஏன், அவர் வீட்டுச் சோளம் முளைச்சாச்சு. போய்ப் பாத்தேன். ஒரு விரல் உயரம்."

"...என்ன சத்தம் அது?"

"...இல்ல, ஏதோ ஹார்ன் அடிக்குது. நீ சபையிலதானே இருக்க, அங்க ஏது ஹார்ன்?... எங்க இருக்க நீ?... சத்தமா சொல்லு... வேன்லயா? எங்க போற?... கிசுமுவுக்கு எதுக்கு? மக வீட்டுக்கா? மருமகன் வீட்டுல மாமியார் ராத்தங்கலாமா, அந்த முறையும் போச்சா?... எங்க?... சபைச் சமையல்கட்டுலயா? தரையிலயா?... சரி, எத்தனை நாளைக்கு?"

பதில் வந்தது. அபிகா மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுப் போனை மறு காதுக்கு மாற்றினாள். அந்தக் காதிலும் அதே பதில்தான் கேட்டது.

"திரும்ப வரமாட்டேன்னா என்ன அர்த்தம்?... யாருகிட்ட?... நம்ம குலத்துப் பெரியவர் ஒகுட்டுகிட்டயா? எப்ப?... இருட்டோட போயிட்டு... என்னன்னு சொன்ன?... 'நான் இனி இந்த வீட்டு மருமக இல்ல'ன்னா? உன் வாயாலயா?... அந்தக் கிழவனும் சரின்னுட்டானா?... சாவி?... சாவியையும் குடுத்துட்டியா!"

"...ஏய், நீ இங்க வாழ வந்து இருபத்தாறு வருஷம்டி. நான் இந்த வீட்டுக்குள்ள கால் வைக்கறப்ப நீதான் வாசல்ல நின்ன. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு நின்ன, ஆனாலும் நின்ன... அழறியா?... அழு. நல்லா அழு. நான் அழமாட்டேன்."

அவள் அழவில்லைதான்.  புருஷன் வீட்டு மண்ணை விட்டுப் போனவளுக்கு அந்த மேட்டில் புதைகுழி கிடையாது. பிறந்த வீட்டுக்குப் போனாலும் வேலிக்குள்ளே புதைக்க மாட்டார்கள். கல்யாணமான பெண் அங்கே வேற்றாள். ஒபுயாவின் சமாதிக்குப் பக்கத்தில் மூத்தவளுக்கென்று ஆறடி விட்டு வைத்திருந்தார்கள். டோர்சிலாவே ஒவ்வொரு சனிக்கிழமையும் அதில் புல் வெட்டுவாள். அபிகாவுக்கு அது தெரியும்.

"அக்கா, செத்தா உன்னை எங்க வைப்பாங்க? கொஞ்சம் யோசிச்சியா? நீ பிறந்த அலேகோல உங்க அண்ணன் வேலியைத் திறப்பானா? வெளிய, வழியில, ஆடு மேயற இடத்துல போடுவான்... என்னது?... கர்த்தருக்கு இடம் தெரியுமா? குழி தோண்டறதுக்கு அவரா மண்வெட்டி எடுத்துட்டு வருவாரு? அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையால்ல இருக்கு!"

"...என்ன?"

"...எனக்காகவா?"

"யாருடி கேட்டா உன்கிட்ட? நான் கேட்டது ஒரு கோட்டைத் தொங்க விடுன்னு. வீட்டை விட்டுப் போன்னு நான் சொன்னேனா?... சரி, சொன்னேன். ஒரு தடவை சொன்னேன்... சரி, நேத்தும் சொன்னேன்! சண்டைன்னா வாய் ஆயிரம் சொல்லும், அதுக்குன்னு பெட்டியைத் தூக்கிட்டு வேன் ஏறிடுவாங்களா? நீயும்தான் என்னை ஏரிக்கரை யிம்போக்காரி, மீன் நாத்தம்னு சொன்ன, நான் எங்கயாவது போனேனா?... மன்னிப்பெல்லாம் வேண்டாம். அதைச் சபையில கேளு. இப்ப ஊரு என்ன சொல்லும்? இளையவ மூத்தவளைத் துரத்திட்டான்னு சொல்லும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? நீ போய் அங்க பரிசுத்தவாட்டியா உக்காந்துக்குவ, இங்க நான் ராட்சசி. நல்லா இருக்குடி நியாயம்!"

"...ம்."

"...ஆமா. ஒகுட்டு சொன்னா சரிதான். நீ இல்லேன்னா நான்தான் மூத்தவ... ஆமா, ஆமா. விதைக்கலாம். இனி நான் விதைக்கலாம். யாரும் தடுக்க முடியாது. ஈரம் இன்னும் ரெண்டு நாள் தாங்கும், விதைக்கூடை தயாராத்தான் இருக்கு, நாளைக்குக் காலைல—"

அபிகா நிறுத்தினாள்.

"இரு."

"இரு, இரு. பேசாத."

முதல் விதை விழுவதற்கு முந்தின இரவு வீட்டு மூத்தவளோடு ஆண் படுத்தெழ வேண்டும். அதுதான் முறை. நாலு நாளாக அந்த முறையை டோர்சிலாவுக்கு எதிராக மேடு முழுவதும் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தவள் அபிகாதான். அது தன் வாசலுக்கும் வரும் என்று அவள் யோசிக்கவே இல்லை.

"அப்ப இன்னைக்கு ராத்திரி... ஒடெரா என் வீட்டுக்கு வருவான்."

"...இல்ல, கோட்டு மட்டும் போதும்னு எனக்குச் சொல்ல மாட்டாங்க. உனக்குத்தான் அது. நீ பத்து மாசம் கதவைச் சாத்தின, உன்கிட்ட பேரம் பேசினாங்க. நான் திறந்தவ. திறந்தவகிட்ட எவன் பேரம் பேசுவான்?... ஆமா, நாலு ராத்திரி. எண்ணிட்டுத்தானே இருந்த நீயும். துக்கம் முடிஞ்ச மறுநாளு. அவன் சாராய நாத்தத்தோட வந்தான். நீ அந்தப் பக்கம் முழங்கால்ல நின்னு பாடிட்டு இருந்த. நான் இந்தப் பக்கம் சுவத்தைப் பாத்துப் படுத்திருந்தேன். பிள்ளைங்களுக்குச் சிரா வரக்கூடாது, அது ஒண்ணுதான் மனசுல. நானும் என்னை வெறுத்தேன்தான் டோர்சிலா. உன்னைவிட நல்லாவே வெறுத்தேன். அதுக்கு எந்தச் சபையிலயும் எவளும் கைதட்டல."

"...என்ன கேட்ட?"

"...அவன் எனக்கு வேணுமான்னா?"

 போனில் வேன் இரைகிற சத்தமும், யாரோ சில்லறை கேட்கிற சத்தமும் வந்தன. ஒபுயா செத்ததிலிருந்து இன்றுவரை இந்த ஒரு கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. பெரியவர்கள் கேட்கவில்லை, பிறந்த வீட்டார் கேட்கவில்லை, அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.  கேட்டதும் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"இப்பக் கேக்கறியா? வேன்ல ஏறி உக்காந்துட்டுக் கேக்கறியா? மாட்டேன்னு சொல்றதுக்கு உனக்கு ஒரு ஆண்டவர் இருந்தாரு. எனக்கு யாரு இருந்தா?... யாரு?... நீயா! நீ எங்க இருந்த? ஒரு சுவரு தள்ளி இருந்த. எழுந்து வந்து கதவைத் தட்டினியா? 'வெளிய போடா'ன்னு அவனைச் சொன்னியா? உன்னை மட்டும்தான் சுத்தமா வச்சுக்கிட்ட. நீ வெறுத்தது எல்லாத்தையும் என் தலையில இறக்கி வச்சுட்டுப் போற."

"...ம்."

"...ஒத்துக்கறியா. சரி. ஒத்துக்கிட்டா ஆச்சா?"

"...இறங்கறியா? எதுக்கு?... இறங்காத. இறங்காதன்னு சொல்றேன், காதுல விழுதா? டிரைவரைக் கூப்பிடாத! வந்து என்ன பண்ணுவ? சொல்லு. கோட்டை எடுத்துத் தொங்க விடுவியா?"

"...சொல்லு."

"...மாட்ட. தெரியும். செத்தாலும் மாட்ட. அப்ப நீ வந்தா என் நிலம் தரிசு, நீ போனா என் ராத்திரி போச்சு. ரெண்டுல எது வேணும்னு நான்தான் எடுக்கணும். உனக்கு அந்தக் கஷ்டமே இல்ல பாரு, உனக்கு எல்லாத்துக்கும் ஒரே பதில்."

"...என்ன, நானும் வரவா? சபைச் சமையல்கட்டுக்கா? மூணு பிள்ளையையும் இழுத்துக்கிட்டா? இங்க நிலத்தை அவனுங்க பங்கு போட்டுக்கட்டும்னா?... ம்... ம்... இல்ல. உன்னால முடியும். நீ பெத்தது ஒண்ணு, அதுவும் கட்டிக்கிட்டுப் போயாச்சு. எனக்கு முடியாது."

"...போ. போய்ச் சேரு."

"...வேண்டாம். எனக்காக ஜெபம் பண்ணாத. என் பேரையே அங்க எடுக்காத. உன் கர்த்தர் இன்னைக்கு ராத்திரி இந்தப் பக்கம் பாக்க வேண்டாம்னு மட்டும் சொல்லு அவர்கிட்ட... ஏன்னா எனக்கு வெக்கமா இருக்குடி, அதான்! வை. வைன்னு சொல்றேன். ஒடெரா சந்தைக்குக் கிளம்பறதுக்குள்ள நான் போய் அவன்கிட்ட சொல்லணும், ராத்திரி வான்னு. நானே என் வாயால சொல்லணும்."

அவளே இணைப்பைத் துண்டித்தாள். குழந்தையை முதுகில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, விதைக்காத நிலத்தின் குறுக்கே ஒடெராவின் வீட்டுக்கு நடந்தாள்.