பதினொன்றாவது கேசட்

கேசட்டைப் படுக்கவைக்காதீர்கள், இன்ஸ்பெக்டர் மேடம். புத்தகத்தை நிறுத்துவது போல நிறுத்தி வைக்க வேண்டும். படுத்தே கிடந்தால் நாளாவட்டத்தில் நாடாவின் ஓரம் மடங்கிவிடும். அதன் மேல் டீ கிளாஸ் வேறு வைத்திருக்கிறீர்கள். பரவாயில்லை, உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

முழுவதையும் என் வார்த்தைகளிலேயே சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். ஆனால் மூட்டைப்பூச்சிகளைப் பற்றிச் சொல்லாமல் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மட்டும் சொன்னால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது.

மூட்டைப்பூச்சிகள் என்பது ஒரு இசைக்குழு. பங்க் இசை என்று அப்போதுதான் ஒன்று எங்கள் காதுக்கு வந்திருந்தது. கிடாரில் மூன்று இடத்தில் விரல் வைக்கத் தெரிந்தால் போதும், மீதியைக் கோபம் பார்த்துக்கொள்ளும். இன்று அந்தப் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் தெரிவது பிற்பாடு வந்த ஆட்களை. நன்றாக வாசித்தார்கள், பயிற்சி பெற்றவர்கள், உப்புச்சப்பில்லாதவர்கள். நான் சொல்வது முதல் நால்வரை. புத்தகம் தைக்கும் கடையில் வேலை பார்த்த பாடகன். அவனைத் தொண்டை என்றுதான் கூப்பிடுவோம். கிடார் வாசித்த எலக்ட்ரீஷியன். கனத்த தந்திகள் கொண்ட பேஸ் கிடாரில் நின்ற தையல்காரி, வாசிக்கும்போதும் ஊசி கோர்ப்பவள் மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டிருப்பாள். டிரம்ஸில் என் தம்பி.

ஏழு மாதம்தான் இருந்தார்கள். பதினோரு நிகழ்ச்சிகள். ஸ்டூடியோ வாசலைக்கூட மிதித்ததில்லை. முதல் நிகழ்ச்சிக்கு வந்தது ஒன்பது பேர், அதில் இரண்டு பேர் அறை மாறி வந்தவர்கள். பாதியில் எழுந்து போனால் தொண்டை திட்டுவானோ என்று பயந்து கடைசிவரை உட்கார்ந்திருந்தார்கள்.

அவர்களிடம் என்ன இருந்தது என்று கேட்டால் சொல்வது கடினம். தம்பிக்கு நிதானம் கிடையாது. எந்தப் பாட்டை ஆரம்பித்தாலும் பஸ்ஸைத் துரத்துகிறவன் மாதிரி ஓடுவான். அவனைப் பிடிக்கத் தையல்காரி ஓடுவாள். கிடார் பின்தங்கிவிடும். தொண்டை யாரையும் கவனிக்க மாட்டான். நான்கு பேரும் நான்கு திசைக்கு இழுப்பார்கள், திடீரென்று ஒரு இடத்தில் நால்வரும் ஒன்றாக வந்து விழுவார்கள். அந்த ஒரு கணத்துக்காகத்தான் நான் பதினோரு முறையும் போனேன். பிற்பாடு வந்தவர்கள் ஆரம்பத்திலிருந்தே ஒன்றாக இருந்தார்கள். அப்படியிருந்தால் வந்து விழுவதற்கு என்ன இருக்கிறது?

நான் குழுவில் இல்லை. எனக்கு எதுவும் வாசிக்க வராது. தாளம் போடச் சொன்னால் கைதட்டல் கூடத் தப்பும். என்னிடம் இருந்தது பேட்டரியில் ஓடும் ஒரு டேப் ரிக்கார்டரும் இரண்டு மைக்குகளும். காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, ஒலி அளவைக் காட்டும் ஊசி சிவப்புக்குள் போகாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஊசி சிவப்பைத் தொட்டால் சத்தம் பிய்ந்துவிடும், பிறகு யாராலும் ஒட்ட முடியாது. அவர்கள் இருந்தார்கள் என்பதற்கு இந்தப் பதினோரு கேசட்டுகளைத் தவிர உலகத்தில் வேறு சாட்சி இல்லை.

அதனால் கதவுகள் எனக்குப் பெரிய தொல்லை. ஐந்தாவது கேசட்டில் அருமையான ஒரு பாட்டின் நடுவே யாரோ கதவை அறைகிறார்கள். எட்டாவதில் ஒருவன் சிகரெட் பிடிக்க வெளியே போய்வருகிறான், கூடவே தெருவும் உள்ளே வருகிறது, லாரி ஹாரனோடு. எனக்கு அழுகையே வந்தது.

பதினொன்றாவது நிகழ்ச்சிக்கு முந்திய வாரம் தம்பி என்னிடம் சொன்னான். மேஜைத் தொழிற்சாலை ஒன்றின் மேல்மாடிக் கூடத்தில், ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு ஏற்பாடு ஆகியிருந்தது. சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னான்.

"அண்ணா, இதோட போதும்னு நெனைக்கிறேன்."

"எது போதும்?"

"வாசிக்கிறது. கப்பல்ல வேலை கெடச்சிருக்கு. தொண்டைகிட்ட சொல்லிட்டேன். அவன் வேற ஆள் பாத்துட்டான். நல்லா வாசிப்பானாம்."

"நல்லா வாசிச்சா அது நீங்க இல்லையே."

சிரித்தான். "உனக்கு மட்டும்தாண்ணா இதெல்லாம் பெருசு. எங்களுக்கு இது ஞாயித்துக்கிழமை."

தடுக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? குழுவில் இருப்பவர்கள் போகலாம், வரலாம். வெளியே உட்கார்ந்திருப்பவனால் பிடித்து நிறுத்த முடியாது. என்னால் முடிந்தது, அந்தக் கடைசி முறையைச் சுத்தமாகப் பதிவு செய்வது.

அந்தக் கூடத்துக்கு இரண்டு வழிகள். ஒரு கோடியில் முன்படிக்கட்டு. எதிர்க்கோடியில் மேடை, மேடையை ஒட்டினாற்போல் பக்கக் கதவு, அதற்கு வெளியே இரும்புப் படி. பக்கக் கதவு காற்றுக்கு அடித்துக்கொண்டே இருந்தது. காவலாளி வந்து பார்த்தார். அவரிடம் சாவி கேட்டேன். கொடுத்தார். "முடிஞ்சதும் தெறந்து வெச்சிருப்பா, மறந்துராத" என்றார். சரி என்றேன். பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, முன்படிக்கட்டுக்குப் பக்கத்தில் என் ரிக்கார்டர் இருந்த மேஜைக்குப் போனேன். அப்போது மைக்குகளைச் சோதிக்க ரிக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மைக் பக்கக் கதவின் அருகில்தான் தொங்கியது. அதனால் அவர் சொன்னது, பூட்டு விழுந்தது, எல்லாம் நாடாவில் இருக்கிறது. நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

முப்பத்தோரு வருடமாக அது அங்கே இருப்பது எனக்குத் தெரியும். வெட்டி எடுத்துவிடலாம்தான். ஒரு நிமிட வேலை. நாடாவை வெட்ட மனம் வரவில்லை.

நிகழ்ச்சி மிக நன்றாக இருந்தது. நான்காவது பாட்டில் தம்பி வாழ்க்கையில் முதல்முறையாக ஓடாமல் நின்றான். மற்ற மூவரும் வரும்வரை காத்திருந்தான். போகப்போகிறவன் அல்லவா. அந்த இடத்தை நீங்கள் ஹெட்ஃபோனில் கேட்க வேண்டும், இங்கே இருக்கிற ஸ்பீக்கரில் தெரியாது.

எட்டாவது பாட்டில் மேடைத் திரையில் தீப்பிடித்தது. ஏதோ ஒரு வயர். மின்சாரம் போய்விட்டது. கிடார், பேஸ், குரல் எல்லாம் ஒரே நொடியில் நின்றன. டிரம்ஸுக்கு மின்சாரம் தேவையில்லை. ஜன்னல்களை மூடியிருந்த இருட்டில் தம்பி மட்டும் எட்டு அடி அடித்தான், பிறகு அவனும் நிறுத்தினான். என் ரிக்கார்டர் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது.

நூறு பேருக்கு மேல் முன்படிக்கட்டு வழியாக இறங்கினார்கள். தொண்டையும் எலக்ட்ரீஷியனும் கூட்டத்துக்குள் குதித்து அவர்களோடு போய்விட்டார்கள். மேடைக்கு அருகில் இருந்தவர்கள் பக்கத்திலிருந்த கதவுக்கு ஓடினார்கள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். ஒன்பது பேர் திரும்பவில்லை. அதில் தையல்காரி ஒருத்தி. தம்பி ஒருவன்.

நான் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். கீழே காவலாளியின் அறை காலியாக இருந்தது. அவர் மேலே ஓடியிருந்தார், புகைக்குள் புகுந்து ஆட்களை இழுத்துக்கொண்டிருந்தார். அவருடைய செவிப்புலன் கெட்டது அன்றைக்குத்தான், ஏதோ வெடித்தது என்று பின்னால் அறிந்தேன். சுவரில் சாவி மாட்டும் ஆணி இருந்தது. சாவியை அதில் மாட்டினேன். ஒரு பொருளை அதற்குரிய இடத்தில் வைப்பது என் வழக்கம்.

சாவி ஆணியிலேயே இருந்ததால் பூட்டியது அவர்தான் என்று முடிவானது. மேலே ஒல்லியாக ஒரு பையன் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டான் என்று அவர் கோர்ட்டில் சொன்னார். அங்கே ஒல்லியாக இல்லாத பையன் யார்? என்னையும் கேட்டார்கள். அந்தப் பக்கமே நான் போகவில்லை என்றேன். தம்பியைப் பறிகொடுத்தவன் என்பதால் அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை, நீதிபதி எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். காவலாளிக்கு ஆறு வருடம் கிடைத்தது.

நான் என்ன செய்திருக்க முடியும்? சொல்லியிருந்தால் கேசட்டை எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். கோர்ட்டு அலமாரியில் பூஞ்சை பிடித்திருக்கும். தம்பி போனதே போதும் என்று நினைத்தேன்.

பிறகு காது மூக்கு தொண்டை மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தேன். செவித்திறன் சோதிப்பவன். கண்ணாடி வைத்த சிறிய அறையில் ஆளை உட்காரவைத்து, கதவைச் சாத்தி, சின்னச் சின்ன ஒலிகளை அனுப்புவேன். கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். பலர் கேட்காததற்கும் அழுத்துவார்கள். நான் ஒருநாளும் யாரையும் குறை சொன்னதில்லை.

சென்ற மாதம் காவலாளி வந்தார். எழுபத்தாறு வயது. கூட மகள், பஸ் கண்டக்டர், சீருடையிலேயே வந்திருந்தாள். எனக்கு அவரை உடனே தெரிந்தது. அவருக்கு என்னைத் தெரியவில்லை. நான் இப்போது ஒல்லியாக இல்லை.

அறைக்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்தப் போனேன். எழுந்துவிட்டார்.

"சாத்தாதீங்க தம்பி."

"சாத்தினாத்தான்யா டெஸ்ட் சரியா வரும்."

மகள் என்னைத் தனியாக இழுத்தாள். "அப்பாவுக்கு மூடின கதவு ஆகாது சார். வீட்ல பாத்ரூம் கதவுக்குக்கூடத் தாழ்ப்பாள் வெக்கல. ஒரு கேஸ்ல உள்ள இருந்தாரு. அவரு பூட்டலைன்னு எங்கம்மா சாகற வரைக்கும் சொல்லிட்டே இருந்தாங்க."

அவருக்கு உதட்டசைவு படிக்கத் தெரியும் போலிருக்கிறது. உள்ளேயிருந்தே சொன்னார்: "வுடும்மா. நாந்தான் பூட்டியிருப்பேன். எனக்குத்தான் ஞாபகம் தப்பிப் போச்சு. அத்தன பேரு சொல்றது பொய்யாவா இருக்கும்?"

அவர் அதைச் சண்டையாகச் சொல்லவில்லை. சமாதானமாகச் சொன்னார். முப்பது வருடம் யோசித்து யோசித்து, சாவியைக் கொடுத்த ஞாபகம்தான் பொய், ஊர் சொல்வதுதான் மெய் என்று வந்து நின்றிருந்தார். என் கை பேனாவைத் தேடியது. கதவைத் திறந்து வைத்தே சோதனை செய்தேன். அறிக்கையில் 'கதவு திறந்த நிலையில்' என்று குறித்தேன், இல்லாவிட்டால் டாக்டர் தவறாகப் புரிந்துகொள்வார். போகும்போது அவர் என் கையைப் பிடித்து, "பொறுமையா பாத்தீங்க தம்பி, நல்லா இருங்க" என்றார்.

அடுத்த வாரம் கேசட்டை அந்த எழுத்தாளப் பெண்ணுக்கு அனுப்பினேன். பழைய இசைக்குழுக்களைப் பற்றி எழுதுகிறவள் அவள். அவள்தான் உங்களிடம் கொண்டுவந்தாள். பெரியவருக்காகத்தான் அனுப்பினேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அது முழு உண்மையில்லை. மற்றப் பத்துக் கேசட்டுகளையும் அவளுக்கு ஏற்கெனவே கொடுத்திருந்தேன். அவற்றைக் கேட்டுவிட்டு, 'முதல் நால்வர் உற்சாகமான கற்றுக்குட்டிகள், அதற்கு மேல் ஒன்றுமில்லை' என்று எழுதியிருந்தாள். அதைப் படித்த இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெரியவர் வந்தபோது இறங்கியது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். உறையின் மேல் நான் எழுதியிருந்தது காவலாளியைப் பற்றியல்ல. 'நான்காவது பாட்டைத் தவறாமல் கேட்கவும்' என்று எழுதியிருந்தேன்.

அவள் முதலிலிருந்து கேட்டிருக்கிறாள். அது என் தவறுதான். முறையாகக் கேட்கிறவர்கள் அப்படித்தான் கேட்பார்கள்.

இன்று காலை உங்கள் ஒலி நிபுணர் ஒரு கேள்வி அனுப்பியிருப்பதாகச் சொன்னீர்கள். முப்பத்தொன்பதாவது நிமிடத்தில், கூச்சல் உச்சத்துக்குப் போகும்போது, பதிவின் அளவு படிப்படியாகக் குறைகிறது. கருவி தானாகக் குறைத்ததா, கோளாறா என்று கேட்கிறார்.

கூச்சலில் எனக்கு எதுவும் கேட்கவில்லை, ரசிகர்கள் தாளம் போடுகிறார்கள் என்று நினைத்தேன், புகையில் கதவு தெரியவில்லை, இப்படியெல்லாம் பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் நான் ஹெட்ஃபோன் போட்டிருந்தேன், மேடம். மைக் கதவின் அருகில் இருந்தது. அந்தக் கூடத்தில் யாரையும்விட எனக்குத்தான் தெளிவாகக் கேட்டது. முதல் இரண்டு நிமிடம் இடது சுவரை ஒட்டிப் போக வழியும் இருந்தது. இருபத்தைந்து அடி. சாவி பையில் இருந்தது. கதவைத் தட்டியவர்களில் ஒருவன் டிரம்ஸ் குச்சியால் தட்டினான். அவன் என் பெயரைச் சொல்லவில்லை. அண்ணா என்றுதான் சொன்னான். மூன்று முறை.

ஊசி சிவப்புக்குள் போய்விட்டது.

அந்தக் கருவியில் தானாகக் குறையும் வசதி எதுவும் கிடையாது என்று நிபுணரிடம் சொல்லுங்கள். குமிழைத் திருப்பியது நான்தான். மெதுவாக, ஒரே சீராகத் திருப்பினேன். திருப்பாமல் விட்டிருந்தால் தம்பி தட்டியது இவ்வளவு சுத்தமாகப் பதிவாகியிருக்காது.