நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல

மஹாதேவன்: படுத்துண்டே கேளு ஜெயா. எழுந்துக்காதே.

ஜெயலக்ஷ்மி: டாக்டர் என்ன சொன்னார்? முதுகுல கத்தி வைக்கணுமா, வேண்டாமா?

மஹாதேவன்: வரிசையா வரேன்டி. ஸ்கேன் ரிப்போர்ட்டே ரெண்டு பக்கம்...

ஜெயலக்ஷ்மி: பேங்க்ல இன்ஸ்பெக்‌ஷன் பண்ணின புத்தி எங்க போகும். இதென்ன, சிவப்புப் பென்சில்ல சுழிச்சு வச்சிருக்கேள்?

மஹாதேவன்: பயமா இருந்த வார்த்தையெல்லாம் சுழிச்சேன். பதினோரு சுழி. டாக்டர் பார்த்துட்டுச் சிரிச்சார்.

ஜெயலக்ஷ்மி: சிரிச்சாரா... அப்போ...

மஹாதேவன்: டீஜெனரேட்டிவ்னு நாலு இடத்துல இருக்கோன்னோ... அது உனக்கு அறுபத்திரண்டு வயசாச்சுங்கறதுக்கு அவா வச்சிருக்கற பேராம். என்னைப் படம் எடுத்தாலும் அதான் வருமாம்.

ஜெயலக்ஷ்மி: அப்போ வலி எதனால?

மஹாதேவன்: முதுகெலும்புல நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல மெத்தை மாதிரி ஒரு டிஸ்க். அது இடது பக்கமாப் பிதுங்கி நரம்பை அழுத்தறது. அதான் கால் கட்டைவிரல் வரைக்கும் மரத்துப் போறது.

ஜெயலக்ஷ்மி: கால் விளங்காமப் போயிடுமா? மென்னு முழுங்காதேங்கோ. ரெண்டு நாளா எனக்கு அதே நினைப்பு. நான் படுத்துட்டா உங்களுக்குக் காப்பி கலக்கக்கூடத் தெரியாது.

மஹாதேவன்: போகாது. போன தடவையே தட்டிப் பார்த்தாரே, பாதத்துல பலம் இருக்காம். ஆபரேஷன் இப்போ வேண்டாம். மாத்திரை, பிசியோதெரபி, ஆறு வாரம். முக்கால்வாசிப் பேருக்குத் தானாவே அடங்கிடுமாம். காலோ ஒண்ணுக்குப் போறதோ மக்கர் பண்ணினா மட்டும் உடனே ஓடி வரணும்.

ஜெயலக்ஷ்மி: இன்னொரு தடவை சொல்லுங்கோ.

மஹாதேவன்: ஆபரேஷன் வேண்டாம்.

ஜெயலக்ஷ்மி: பெருமாளே... அந்த டாக்டர் நன்னா இருக்கணும். படம் எடுத்த பெங்காலிப் பொண்ணும்தான். மிஷினுக்குள்ள தள்றதுக்கு முன்னாடி, பயப்படாதீங்க மாஷிமான்னு கையைப் பிடிச்சுண்டா.

மஹாதேவன்: நானும் கரியாஹாட் முக்குல ஆட்டோவுக்குள்ளயே கையெடுத்துக் கும்பிட்டேன். டிரைவர் திரும்பிப் பார்த்தான்... டாக்டர் ஒண்ணு கேட்டார். நீ எதையாவது கனமாத் தூக்கினியான்னு.

ஜெயலக்ஷ்மி: அதான் சொன்னேனே. கேஸ் சிலிண்டர்.

மஹாதேவன்: சிலிண்டர்காரன் அடுக்களையிலேயே கொண்டு வந்து வச்சுடறானே.

ஜெயலக்ஷ்மி: அன்னிக்கு வாசல்லயே வச்சுட்டான்.

மஹாதேவன்: என்னிக்கு?

ஜெயலக்ஷ்மி: தேதியெல்லாம் யாரு... புரட்டாசியில. என்னை ஆடிட் பண்ணாதேங்கோ.

மஹாதேவன்: நான் பாத்ரூம்ல மயங்கி விழுந்த வாரமா?

ஜெயலக்ஷ்மி: இருக்கும். அதுக்கும் இதுக்கும் என்ன? உங்களை மாடியில இருக்கற கோஷ் ஆத்துப் பசங்க ரெண்டு பேருமாத் தூக்கிக் கட்டில்ல போட்டா.

மஹாதேவன்: ஆமா... அப்படித்தான் சொன்னே. அதுக்குத்தான் விஜயதசமி அன்னிக்கு ஒரு டப்பா சந்தேஷ் ஸ்வீட் எடுத்துண்டு மாடிக்குப் போனேன்.

ஜெயலக்ஷ்மி: ...என்கிட்ட சொல்லவே இல்லையே.

மஹாதேவன்: "அங்கிள், நாங்க அந்த வாரம் ஊர்லயே இல்லை, புரிக்குப் போயிருந்தோம்"னான் பெரியவன். எழுபத்தாறு கிலோ ஜெயா நான். தனியாத் தூக்கியிருக்கே... தெரிஞ்சா நான் வேதனைப்படுவேன்னு நீ மறைச்சே. நீ மறைக்கறது தெரிஞ்சும் மூணு மாசமா நான் வாயைத் திறக்கலை. சந்தேஷை எடுத்துண்டு வீடு மாறிப் போயிட்டேன்டி. உனக்குன்னா குடுத்திருக்கணும்.